சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்: மின் நிலையமும் காதும்

எங்கள் பெரியப்பா ஒரு அனல்மின் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தார். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை, விட்டுவிடுகிறேன். அதில் பெரும்பகுதி டர்பைன் ஆபரேட்டராக, ஷிஃப்ட் டியூட்டி. ரிடையர் ஆகிப் பதினோரு வருடம் ஆகிறது. வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். துக்கச் செய்தி சொன்னபோதும் ஒருமுறை அப்படியே சிரித்துத் தலையாட்டிவிட்டார். அன்றைக்குத்தான் பெரியம்மா பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துப்போகச் சொன்னார். கூடப் போனது நான்.

ஆடியோகிராம் எடுத்தார்கள். தாளில் இரண்டு கோடுகள், இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. இரண்டும் இடதுபக்கம் ஓரளவு மேலே ஓடி, 4000 ஹெர்ட்ஸ் அருகே கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கி, கடைசியில் கொஞ்சம் ஏறி நின்றன. டாக்டர் அந்தப் பள்ளத்தில் பேனாவை வைத்து, "மில்லுல வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. நான்தான் பவர் பிளாண்ட் என்று சொன்னேன். "அதேதான்" என்றார்.

ஒரு தாளைப் பார்த்து ஒரு மனிதனின் தொழிலைச் சொல்ல முடிகிறது என்பது எனக்குப் புதிதாக இருந்தது. அந்தப் பள்ளத்தை முதலில் யார் பார்த்தார்கள், எப்போதிலிருந்து தெரியும், தெரிந்தும் ஏன் இப்படி என்று தேட ஆரம்பித்தேன். தேடல் போன இடம் நான் நினைத்த இடம் இல்லை. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ஒரு சாராயக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குறிப்புகள்தான் இவை.

*

முதலில் கொதிகலன். பாய்லர் இல்லாமல் மின் நிலையம் கிடையாது. டர்பைன் சுழலத் தொடங்கும் முன்பே காது போக ஆரம்பித்த இடமும் அதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்லரை வெல்டிங் செய்யவில்லை, ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள். இரும்புத் தகடுகளில் துளை போட்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணியைச் செருகி, வெளியே இருந்து இரண்டு பேர் சம்மட்டியால் மாறி மாறி அடிப்பார்கள். ஆணி பின்னால் நழுவாமல் இருக்க, பாய்லருக்கு உள்ளே ஒருவர் கனமான இரும்பை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். பெரிய பாய்லர் என்றால் ஒரே நேரத்தில் பல குழுக்கள் அடிக்கும். உள்ளே இருப்பவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கோயில் மணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நாள் பூரா நிற்பது மாதிரி. இங்கிலாந்தில் இதற்குப் பெயரே இருந்தது: பாய்லர்மேக்கர் செவிடு.

உலோகம் அடிப்பவர்களுக்குக் காது போகும் என்பது அதற்கும் முன்பே தெரிந்த விஷயம். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸினி, தொழில் நோய்களைப் பற்றிய முதல் முழுமையான நூலை 1700ல் வெளியிட்டு 1713ல் விரிவாக்கினார். வெனிஸ் நகரத்தில் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்த செம்புக் கொல்லர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பகல் முழுக்கச் செம்பைத் தட்டித் தட்டி முதலில் காது மந்தமாகி, வயதானதும் முழுச் செவிடாகிவிடுகிறார்கள் என்று. நம் ஊரில் பாத்திரக்காரத் தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்க இத்தாலி வரை போக வேண்டியதில்லை.

ஆனால் எண்ணிப் பார்த்தவர் என்றால் தாமஸ் பார். கிளாஸ்கோ நகரக் காது மருத்துவர். கிளாஸ்கோ அன்றைக்குக் கப்பலும் பாய்லரும் கட்டும் உலகத் தலைநகரம். 1886ல் அவர் அந்த ஊர்த் தத்துவச் சங்கத்தில் படித்த கட்டுரைக்காக, நூறு பாய்லர் தொழிலாளிகளையும் நூறு இரும்பு வார்ப்புத் தொழிலாளிகளையும் நூறு தபால்காரர்களையும் சோதித்தார். தபால்காரர் எதற்கு? ஊர் ஊராக நடப்பவர், சம்மட்டிச் சத்தத்தில் நிற்காதவர். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும் இல்லையா. இன்றைக்கு நாம் "கன்ட்ரோல் குரூப்" என்று சொல்வதை அவர் கையில் தபால் பையோடு நிற்க வைத்திருந்தார். இந்த ஒரு யோசனைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கருவி? ஒரு கடிகாரம், அவ்வளவுதான். அதன் டிக் டிக் ஒலி நல்ல காதுக்கு எவ்வளவு தூரம் வரை கேட்கும் என்று முதலில் அளந்து வைத்துக்கொண்டு, அதைத் தொழிலாளியின் காதருகே கொண்டுபோய் எங்கே கேட்கிறது என்று குறித்தார். நூறு பாய்லர் தொழிலாளிகளில் ஒருவருக்குக்கூடச் சரியான கேள்விறன் இல்லை. பொதுக்கூட்டத்தில் பேசுவது கேட்கிறதா என்றும் விசாரித்தார். பாய்லர் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிரமம், அல்லது சுத்தமாகக் கேட்கவில்லை. வார்ப்புத் தொழிலாளிகளில் நூற்றுக்குப் 12 பேர், தபால்காரர்களில் 8 பேர்.

பொதுக்கூட்டம் என்ற கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் தொழிலாளிக்கு சர்ச்சும் சங்கக் கூட்டமும்தான் வெளியுலகம். காது போனவர் இரண்டிலிருந்தும் மெதுவாக நின்றுவிடுவார். பார் இந்த இழப்பைத்தான் அளந்தார். பெரியப்பா யூனியன் கூட்டத்துக்குப் போவதை எப்போது நிறுத்தினார் என்று பெரியம்மாவைக் கேட்டேன். "அது ஆச்சு, ரிடையர் ஆறதுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடியே" என்றார்.

நான்கே வருடத்தில், 1890ல், ஹாபர்மான் என்ற மருத்துவர் இறந்துபோன ஒரு பாய்லர் தொழிலாளியின் உள்காதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எழுபத்தைந்து வயது முதியவர், வந்த ரயில் காதில் விழாமல் அடிபட்டுச் செத்தவர். நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அடிச்சுற்றில் இருக்க வேண்டிய மயிர்ச்செல்கள் அழிந்துபோயிருந்தன. கூர்மையான, உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் இடம் அதுதான். ஒரு காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம் மயிர்ச்செல்கள்தான் நமக்கு. பறவைகளுக்குப் போனால் திரும்ப முளைக்கும், பாலூட்டிகளுக்கு முளைக்காது. கோழிக்குக் கொடுத்ததை நமக்குக் கொடுக்கவில்லை.

ஆக 1890க்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது, காதின் எந்த இடத்தில் போகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது சாராயக் கடை.

1891 வாக்கில் லண்டனில் தேம்ஸின் தென்கரையில், பேங்க்சைட் என்ற இடத்தில், சிட்டி ஆஃப் லண்டன் எலெக்ட்ரிக் லைட்டிங் கம்பெனி ஒரு மின் நிலையம் கட்டியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்துக்கு விளக்கு கொடுக்க. பெரிய நீராவி எஞ்சின்கள். டர்பைன் இல்லை, பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் பழைய வகை. அந்த எஞ்சின்களுக்குப் பக்கத்தில் வாட்டர்மேன்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு மதுக்கடை இருந்தது. நடத்தியவர் ஷெல்ஃபர், கட்டடம் ஒரு மதுபானக் கம்பெனியுடையது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் கடை அதிர்ந்தது, சுவர் விரிந்தது, சத்தத்தில் குடியிருக்க முடியவில்லை. இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கீழ்க்கோர்ட் நீதிபதி நஷ்டஈடு போதும் என்றார். நகரத்துக்கே வெளிச்சம் கொடுக்கும் கம்பெனியை ஒரு மதுக்கடைக்காக நிறுத்த முடியுமா என்ற எண்ணம்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காசு கொடுக்க வசதி இருக்கிறது என்பதற்காக ஒருவர் செய்யும் தப்பைத் தொடர்ந்து செய்ய அனுமதிப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை, பொது நன்மை என்று சொல்லி ஒருவரின் உரிமையைப் பறிக்க முடியாது என்ற கருத்தில், எஞ்சினுக்குத் தடை உத்தரவு போட்டது. தடைக்குப் பதில் பணம் எப்போது போதும் என்பதற்கு நான்கு நிபந்தனைகளையும் சொன்னது: சேதம் சிறியதாக இருக்க வேண்டும், பணத்தால் அளக்க முடிய வேண்டும், சிறு தொகையில் ஈடுகட்ட முடிய வேண்டும், தடை போடுவது எதிராளிக்கு அநியாயமாக இருக்க வேண்டும். 1895ன் சட்ட அறிக்கைகளில் வந்த இந்த ஷெல்ஃபர் வழக்கு, சட்ட மாணவர்களுக்கு நூற்றுச் சொச்ச வருடமாகப் பாடம். 2014ல்தான் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. அதுவும் ஒரு இரைச்சல் வழக்குதான், மோட்டார் பந்தய மைதானம்.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு எனக்கு வந்த முதல் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இவ்வளவு தொந்தரவு என்றால், சுவருக்கு இந்தப் பக்கம், எஞ்சினுக்கு நாலடி தூரத்தில் எண்ணெய்க் கேனோடு நின்றாரே, அவர்? தீர்ப்பில் அவர் வரவே இல்லை. வர வேண்டிய அவசியமும் சட்டப்படி இல்லை. மதுக்கடைக்காரருக்கு ஒரு இடத்தின்மேல் உரிமை இருந்தது. எஞ்சின் ஆளுக்கு அந்த இடத்தில் இருந்தது ஒரு வேலை மட்டும்தான்.

இதில் இன்னொரு திருப்பம் உண்டு, எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான். அதே சமயத்தில் லண்டனின் இன்னொரு கம்பெனி, மெட்ரோபாலிட்டன் எலெக்ட்ரிக் சப்ளை, மான்செஸ்டர் ஸ்கொயரில் வைத்திருந்த நிலையத்துக்கும் இதே தலைவலி. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதிர்வு தாங்கவில்லை என்று தடை உத்தரவு வாங்கும் நிலை. கம்பெனி 1894ல் என்ன செய்தது தெரியுமா? பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில், சார்லஸ் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவி டர்பைனை வாங்கியது, 350 கிலோவாட். பார்சன்ஸ் தன் முதல் டர்பைனை ஓட்டியது 1884ல். 1890ல் நியூகாசிலில் டர்பைன் வைத்த மின் நிலையம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் லண்டன் பெரிய கம்பெனிகளுக்குப் புதுச் சாமான்மேல் சந்தேகம். சந்தேகத்தைப் போக்கியதில் நிலக்கரிக் கணக்குக்கு இருந்த பங்கு அக்கம்பக்கத்தார் போட்ட சத்தத்துக்கும் இருந்தது. டர்பைனில் மேலும் கீழும் போகும் பாகம் இல்லை, சுழற்சி மட்டும்தான். தரை அதிராது. புகார் நின்றது.

சத்தம் நின்றதா? அதுதான் இல்லை. பிஸ்டன் எஞ்சினின் தொல்லை தாழ்ந்த அதிர்வு. தரை வழியே, அஸ்திவாரம் வழியே, சுவரைத் தாண்டிப் போகும். டர்பைனில் நீராவி சீறிப் பாயும் ஒலி, கியர் ஒலி, கூடவே ஓடும் பம்ப், ஃபேன், ஜெனரேட்டர் காற்று. இதில் உயர்ந்த ஒலிகள் அதிகம். உயர்ந்த ஒலியைச் சுவர் நன்றாகவே தடுக்கும். அதனால் வெளியே நிம்மதி. ஆனால் மனிதக் காது அடிவாங்குவது அந்த உயர்ந்த பகுதியில்தான். காதுக் குழாயின் அமைப்பே 3000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியைப் பெரிதாக்கி உள்ளே அனுப்பும். அடி அதற்குக் கொஞ்சம் மேலே, 4000 அருகே விழும். பெரியப்பாவின் தாளில் பார்த்த கிணறு அங்கேதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் பிரச்சினையைத் தீர்த்த இயந்திரம் உள்ளே நின்றவரின் பிரச்சினையை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். யாரும் திட்டம்போட்டுச் செய்ததில்லை. புகார் செய்ய முடிந்தவருக்காக இயந்திரம் மாறியது, அவ்வளவுதான்.

*

உள்ளே நின்றவருக்குச் சட்டம் எப்போது வந்தது?

பிரிட்டனில் 1906ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களைச் சேர்த்தார்கள். ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்செனிக், ஆந்த்ராக்ஸ், கொக்கிப்புழு. வேறு எதைச் சேர்க்கலாம் என்று ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையில் ஒரு குழு 1907ல் ஆராய்ந்தது. பாய்லர்மேக்கர் செவிடும் அவர்கள் முன் வந்தது. தொழிலால் வருவதுதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சேர்க்கவில்லை. காரணம்: காது போனாலும் அந்த ஆள் தன் தொழிலைத் தொடர்ந்து செய்ய முடிகிறது.

இந்த வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். தர்க்கம் அதன் அளவில் சரிதான். செவிட்டு ரிவெட்காரர் நன்றாகவே ரிவெட் அடிப்பார். சொல்லப்போனால் காது போனபின் சத்தம் தொந்தரவு செய்யாது. நஷ்டஈடு என்பது இழந்த கூலிக்கு. கூலி போகவில்லை என்றால் இழப்பும் இல்லை. மனைவி பேசுவது கேட்காததற்கும் பேத்தி சொல்லும் கதை புரியாததற்கும் கூலிப் பட்டியலில் பத்தி கிடையாது.

அமெரிக்காவிலும் இதே வாதம் நாற்பது வருடம் ஓடியது. 1948ல் நியூயார்க் மாநில உச்ச மன்றம் ஸ்லாவின்ஸ்கி வழக்கில், கூலி குறையாவிட்டாலும் கேள்வி இழப்புக்கு நஷ்டஈடு உண்டு என்றது. 1953ல் விஸ்கான்சின் மாநிலம் அதையே சொன்னது. இரண்டும் இரும்பு அடிக்கும் ஆலைகள். தீர்ப்பு வந்ததும் தொழிற்சாலைகளுக்குக் காய்ச்சல். திடீரென்று எல்லோருக்கும் அளவுக் கருவிமேல் ஆர்வம் வந்தது. கேள்விறனை அளக்கும் ஆடியோமீட்டர் 1922லேயே கடைக்கு வந்துவிட்ட பொருள். முப்பது வருடம் காத்திருந்தது, வழக்குக்காக.

1969ல் அமெரிக்க அரசு தன் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு ஒரு வரம்பு வைத்தது: எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். ஒவ்வொரு 5 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 95க்கு நான்கு மணி, 100க்கு இரண்டு மணி, அப்படியே 115க்குக் கால் மணி. இந்தப் பட்டியல் உலகம் சுற்றியது. இந்தியத் தொழிற்சாலை விதிகளிலும் அதே எண்கள்தான் வந்து உட்கார்ந்தன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, பொறுமையாகப் பாருங்கள். ஒலியின் ஆற்றல் 3 டெசிபல் கூடினாலே இரண்டு மடங்காகிவிடும். அப்படியானால் நேரமும் 3 டெசிபலுக்கு ஒருமுறை பாதியாக வேண்டும். ஏன் 5? சத்தம் விட்டு விட்டு வரும், நடுவில் காது இளைப்பாறும் என்று ஒரு அனுமானம். மரம் அறுக்கும் மில்லில் அது ஓரளவு பொருந்தலாம். டர்பைன் இளைப்பாறுமா? கிரிட்டில் சேர்த்துவிட்டால் நிமிஷத்துக்கு 3000 சுற்று, இரவும் பகலும், அடுத்த ஓவர்ஹால் வரை. அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 1998ல் பரிந்துரைத்தது 85 டெசிபல், அதுவும் 3 டெசிபல் கணக்கில். அதன்படி 100 டெசிபல் உள்ள இடத்தில் பதினைந்து நிமிடம் நிற்கலாம். நம் பட்டியல்படி இரண்டு மணி நேரம். பாய்லர் ஃபீட் பம்ப் பக்கத்தில் 100 என்பது அபூர்வமான எண் இல்லை. 90 டெசிபலில் நாற்பது வருடம் வேலை பார்த்தால் நூற்றுக்கு 25 பேருக்குக் காது கெடும், 85 என்றால் 8 பேருக்கு என்பதும் நியாஷின் கணிப்பு. அதாவது விதிப்படியே நடந்தாலும் நாலில் ஒருவர்.

பிரிட்டன் கதைக்கு வருகிறேன். 1963ல் அங்கே தொழிலாளர் அமைச்சகம் "இரைச்சலும் தொழிலாளியும்" என்று ஒரு சின்னக் கையேடு வெளியிட்டது. இருபது வருடம் கழித்து நார்த் ஷீல்ட்ஸ் கப்பல் பட்டறைத் தொழிலாளிகள் வழக்குப் போட்டபோது, அந்தக் கையேடுதான் நடுவில் வந்து நின்றது. 1984ல் நீதிபதி மஸ்டில் சொன்னது இது: 1963க்கு முன் எந்த முதலாளியும் இதைப் பற்றி எதுவும் செய்யவில்லை, ஊரோடு ஒத்து இருந்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. கையேடு வந்தபின் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே 1963க்குப் பின் போன காதுக்கு மட்டும் பணம்.

நாற்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அறுபத்து மூன்றுக்குள் பெரும்பகுதி போயிருக்கும். இரைச்சலில் முதல் பத்துப் பதினைந்து வருடத்தில்தான் சேதம் வேகமாக நடக்கும். அந்தக் காதை வருட வாரியாக வெட்டி, இந்தத் துண்டு இலவசம், இந்தத் துண்டுக்குக் காசு என்று பிரித்தார்கள். சட்டக் காரணங்கள் உண்டு, மஸ்டில் அறியாதவர் இல்லை, அவர் தீர்ப்பு கவனமாக எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 1886ல் பார் தபால்காரர்களை வரிசையில் நிறுத்தியது நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. அது எழுபத்தேழு வருடம் முன்பு.

*

பெரியப்பாவிடம் காதடைப்பான் பற்றிக் கேட்டேன். காகிதத்தில் எழுதிக் காட்டித்தான் கேட்க வேண்டியிருந்தது. "இயர் மஃப் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. எண்பத்தஞ்சு வாக்குல இருந்து குடுத்தாங்க. லாக்கர்ல இருக்கும்."

"ஏன் போடல?"

அவர் சொன்ன பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. "அதப் போட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு தெரியாதுடா தம்பி."

ரவுண்ட்ஸ் போகும்போது ஒரு நீள ஸ்குரூ டிரைவரை பேரிங் வீட்டின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்பாராம். பேரிங் நன்றாக இருந்தால் ஒரு ஒலி, எண்ணெய் குறைந்தால் ஒரு ஒலி, உருளை தேய்ந்தால் கரகரப்பு. நீராவி எங்கேயாவது கசிந்தால் மெல்லிய விசில். மீட்டரில் முள் அசைவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். ஒருமுறை ஃபீட் பம்பில் ஏதோ மாறுகிறது என்று இவர் சொல்ல, நிறுத்திப் பார்த்தால் பேரிங் நீலம் பாய்ந்திருந்ததாம். அதற்குப் பாராட்டுக் கடிதம்கூட வீட்டில் இருக்கிறது. எந்தக் காதை வைத்து அந்த நிலையத்தைக் காப்பாற்றினாரோ, நிலையம் அந்தக் காதைத்தான் தின்றது. பாதுகாப்பு அதிகாரிகள் "தொழிலாளிகளுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதும்போது இந்தப் பக்கத்தையும் எழுதினால் தேவலை. எல்லாரும் அசட்டையாலோ வீம்பாலோ கழற்றி வைக்கவில்லை. (பஞ்சு வேஸ்ட்டை உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டவர்களும் உண்டாம். அது சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, போட்ட திருப்திதான் மிச்சம்.)

இன்னொன்றும் சொன்னார். "கேக்காம இல்ல. கேக்குது. என்னன்னுதான் புரியல." இதற்கும் காரணம் உண்டு. அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன, அவை அவருக்கு இன்னும் கேட்கின்றன. ச, த, க, ப மாதிரி வல்லின ஒலிகளைப் பிரித்துக் காட்டும் நுனி மேலே இருக்கிறது. அந்த நுனி போனால் "பத்து" "பட்டு" "பச்சு" எல்லாம் ஒன்று. பேச்சு ஒரு முனகலாக வந்து சேரும். நாம் சத்தமாகக் கத்தினால் முனகல்தான் பெரிதாகும். கத்தியவருக்குக் கோபம், கேட்டவருக்கு அவமானம். "டமாரச் செவிடு" என்கிறோமே, டமாரம் அடித்தால்தான் கேட்கும் என்றா, டமாரம் அடித்து அடித்தே போனது என்றா, எப்படி வைத்தாலும் எனக்கு இப்போது அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

அவர் காலத்தில் நம் சட்டம் என்ன சொன்னது என்றும் பார்த்தேன். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் இரைச்சலால் வரும் கேள்வி இழப்பும் இருந்தது. மேனேஜர் தெரிவிக்க வேண்டியிருந்தது, பார்க்கும் டாக்டரும் ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. 1923 நஷ்டஈட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இருந்தது. அதில் ஒரு நுணுக்கம் என்னை நிறுத்தியது. தொழில்நோய் வழக்கில் இரண்டு வருடக் கெடு எப்போது தொடங்கியது? நோயால் வேலைக்கு வராமல் இருந்த முதல் நாளிலிருந்து. சரி, காது போனவர் எந்த நாள் வேலைக்கு வராமல் இருந்தார்? 1907 குழு சொன்ன அதே முடிச்சு. அந்தச் சட்டம் அதை யோசித்திருந்தது: லீவு போட வைக்காத பகுதி ஊனம் என்றால், தொழிலாளி தன் முதலாளிக்கு அறிவிப்புக் கொடுத்த நாளிலிருந்து கணக்கு. வேலையை விட்டவர் என்றால், விட்டு இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் அவர் வேலையில் இருக்கும்போதே, "ஐயா, எனக்குக் காது கேட்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் டர்பைன் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், ஷிஃப்ட் அலவன்ஸ் போகும். வருடா வருடம் மெடிக்கல் செக்கப் நடந்ததே, அதில் காதைப் பார்க்கவில்லையா என்று எழுதிக் காட்டினேன். "பாத்தாங்க. டாக்டர் பின்னாடி நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவார். திரும்பினா பாஸ்." உங்களுக்குக் கேட்டுதா? "வரிசையில எனக்கு முன்னாடி நின்னவன் போனதும் என் பேர்தானே வரும்? எண்ணிட்டுத் திரும்பிடுவேன்."

கெடு போய் ஒன்பது வருடம். நான் மேலே எதுவும் எழுதிக் காட்டவில்லை.

*

பேங்க்சைட் என்ன ஆயிற்று? பழைய நிலையம் போய், அதே இடத்தில் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்த பெரிய செங்கல் கட்டடம் எழுந்தது. நடுவில் உயரமான ஒற்றைப் புகைபோக்கி. எண்ணெயில் ஓடியது. எண்ணெய் விலை கட்டாமல் 1981ல் மூடினார்கள். 2000ல் அது டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது. டர்பைன்கள் நின்ற பெரிய கூடத்துக்கு இன்றும் டர்பைன் ஹால் என்றுதான் பெயர். இயந்திரங்களை எல்லாம் எடுத்துவிட்டுக் காலியாக விட்டு, பிரமாண்டமான கலைப் படைப்புகளை வைக்கிறார்கள். ஜனங்கள் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அந்த வீடியோ ஒன்றைப் பெரியப்பாவிடம் போனில் காட்டினேன். இது ஒரு காலத்தில் பவர் ஹவுஸ், இப்போது படம் பார்க்கும் இடம் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கலைப் படைப்பை அவர் பார்க்கவில்லை என்று தெரிந்தது. விரலால் திரையை நிறுத்தி, மேலே கூரையோரம் காட்டினார்.

"கிரேன விட்டு வச்சிருக்கான் பாரு" என்றார், தெருவுக்கே கேட்கும் குரலில். "ஓவர்ஹாலுக்கு ரோட்டரத் தூக்கற கிரேன். எத்தன டன்னுன்னு போட்டிருக்கானா, பெருசு பண்ணிக் காட்டு."